இன்னும் ஒரு புனிதர்

‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று பாட்டு வாத்தியார் தொம்மை முதல் அடியை இழுத்த இழுப்பிலேயே ஆயர் தனிஸ்லாசுக்குத் தெரிந்துவிட்டது, இது இப்போதைக்கு முடிகிற காரியம் இல்லை என்று. அந்த மனுஷன் ஹார்மோனியத்தைத் தொட்டால் அதற்கே தூக்கம் வந்துவிடும். முழங்கால் இரண்டும் அதற்குள் முனக ஆரம்பித்திருந்தன. எதிரே, பீடத்தின் படிகளுக்குக் கீழே விரித்த சிவப்புக் கம்பளத்தில் திருத்தொண்டர் ரெமிஜியுஸ் குப்புறக் கிடந்தான். வெள்ளை அங்கி, மடித்த கைகளின்மேல் நெற்றி, அங்கிக்கு வெளியே தெரிந்த இரண்டு குதிகால்கள். குருப்பட்டம் வாங்கப் போகிறவன் இப்படித்தான் கிடக்க வேண்டும். ஊரே முழங்காலில் நிற்க, பாடகர் குழு வானத்துப் புனிதர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட, சனங்கள் ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்று பதில் சொல்ல வேண்டும். கூப்பிட்டு முடிந்ததும் அவன் எழுந்து வந்து ஆயர் முன்னால் மண்டியிடுவான். ஆயர் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு கைகளையும் அவன் தலையில் வைப்பார். அவ்வளவுதான். அதன் பிறகு கையை எடுத்துக்கொள்ளலாம், கொடுத்ததை எடுத்துக்கொள்ள முடியாது. சாகிறவரைக்கும் அவன் குரு. எத்தனையோ பேருக்கு வைத்த கை, ஒரு தடவைகூடத் தயங்கியதில்லை. இன்றைக்கு மட்டும், காலையில் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் தெக்லம்மாள் வந்து நின்றதிலிருந்து, கை தன்னுடையது மாதிரியே இல்லை. எல்லாம் அந்தப் பொம்பளையால் வந்தது.

‘புனித மரியாயே’ என்றது குழு. ‘எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்றது பந்தல். கோயிலுக்குள் கூட்டம் கொள்ளாது என்று முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சம்மனசுவிளை ஊருக்கு இதுதான் முதல் பட்டம், சும்மா விடுவார்களா. பந்தலின் மூலைக்கு மூலை ஆயரின் முகம் பல்லைக் காட்டிக்கொண்டு தொங்கியது. அந்தச் சிரிப்பை எந்த ஊரில் யாருக்காகச் சிரித்தார் என்று அவருக்கே நினைவில்லை, ஆனால் மறைமாவட்டம் முழுக்க அதே படம்தான். காலையில் ஊர்ப் பங்குச் சாமியாரின் பங்களாவில் புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட விடுவார்களா? ஆயர் வந்திருக்கிறார் என்றால், ஆண்டவரே ஆண்டவரே என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டு, அவர் தட்டில் என்ன கிடக்கிறது என்று பார்ப்பதற்கே நாலு பேர் வருவார்கள். ஒருவருக்கு மருமகளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை வேண்டும். இன்னொருவருக்குக் கல்லறைத் தோட்டத்துச் சுவர். பங்குச் சாமியாரை உடனே மாற்ற வேண்டும் என்று ஒரு கூட்டம், மாற்றினால் கோயிலைப் பூட்டுவோம் என்று இன்னொரு கூட்டம், இரண்டுக்கும் தலைமை ஒரே குடும்பம். ஆயராவதற்கு முன் ஊர் ஊராகத் தியானப் பிரசங்கம் கொடுக்கப் போவார், புத்தகம் படிப்பார், இரவில் கொஞ்சம் செபம் செய்வார். ஆன பிறகு செய்ததெல்லாம் பஞ்சாயத்துதான். அந்த வரிசையில்தான் தெக்லம்மாளும் வந்தாள். ரெமிஜியுசைப் பெற்றவள். புருஷன் போனபிறகு முந்திரி ஆலையில் கொட்டை உடைத்து மகனை வளர்த்தவள். விரல் நுனியெல்லாம் கறுத்துப் போயிருந்தது. பட்டுச்சேலை உடுத்தியிருந்தாள், ஆனால் கட்டிய விதத்தில் ஒரு அவசரம் இருந்தது. வந்தவள் வழக்கப்படி ஆயரின் மோதிரத்தை முத்தம் செய்யவில்லை. சுவரோரம் நின்று, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“ஆண்டவரே, எம் மவனுக்கு இன்னைக்குப் பட்டம் குடுக்காதிய. அந்தத் துணியும் எனக்கு வேண்டாம்.”

‘புனித மிக்கேலே, புனித கபிரியேலே, புனித ரபேலே.’ வானதூதர்கள், மூன்று சம்மனசுகளையும் தனித்தனியாகக் கூப்பிடுகிறான் பார், ஒரே மூச்சில் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவா போகிறார்கள். அந்தத் துணி, அதுதான் மனசை விட்டுப் போகவில்லை. பட்டம் கொடுக்கும்போது புதுக் குருவின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசி ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார்கள். அவிழ்த்தபின் அதைத் தாயின் கையில் கொடுப்பது வழக்கம். அவள் அதைப் பெட்டிக்குள் வைத்துக் காத்து, செத்தால் தன் கையில் சுற்றிப் புதைக்கச் சொல்வாள். ஒரு குருவைப் பெற்றவள் நான் என்று மேலே போய்க் காட்டுவதற்கு. அதை வாங்கும்போது தேம்பித் தேம்பி அழுத தாய்மாரைப் பார்த்திருக்கிறார். கொடுக்க மறந்துவிட்டார்கள் என்று கோயில் வாசலிலேயே சண்டை பிடித்த தாயையும் பார்த்திருக்கிறார். வேண்டாம் என்று சொன்னவளை இன்றுதான் பார்க்கிறார்.   அவன் ஏதாவது சொன்னானா என்று கேட்டார். சொல்ல மாட்டான், அவனுக்குச் சொல்ல வராது என்றாள். உறங்கவில்லையாம், சாப்பிடவில்லையாம், பின்வாசல் துணி துவைக்கும் கல்லில் போய் உட்கார்ந்து கையைக் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறானாம். அதற்கென்ன, பட்டத்துக்கு முன்னால் எல்லாருக்கும் இருப்பதுதானே. மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தோமே, இவனுக்குப் பட்டம் கொடுக்கத் தடை இருந்தால் சொல்லுங்கள் என்று, அப்போது வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அதை அப்படியே கேட்கவில்லை. பதமாகத்தான் சொன்னார். ஒற்றைப் பிள்ளையைக் கோயிலுக்குக் கொடுக்கும் தாய்க்கெல்லாம் கடைசி நேரத்தில் நெஞ்சு பதறும் என்றும், மரியாளுக்கே பதறியது என்றும், ஒரு பாட்டம் அழுதால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். எத்தனை தாய்மாரிடம் சொல்லி நயம் ஏறிய வார்த்தைகள் அவை. அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, “நான் அழ வரல ஆண்டவரே. சொல்ல வந்தேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். புட்டு ஆறிப் போயிருந்தது.

‘புனித யோசேப்பே.’ இவர் ஒருவர்தான் வேதப் புத்தகம் முழுக்க வாயே திறக்காதவர், நல்ல மனிதர். ‘புனித பேதுருவே, புனித பவுலே, புனித அந்திரேயாவே.’ அப்போஸ்தலர்களில் ஒருவரையும் விடப் போவதில்லை என்று தெரிந்தது. இந்தப் புனிதர் மன்றாட்டைச் சுருக்கமாகப் பாடுங்கள், பூசைப் புத்தகத்தில் இருக்கிற பேர்கள் போதும் என்று அவரே எல்லாப் பங்குகளுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். யார் கேட்டார்கள்? இன்று காலையில் அவருடைய செயலாளர் ஹெர்மஸ் சாமி சிரித்துக்கொண்டே சொன்னார், பந்தல் செலவுக்கு உதவின அத்தனை வீடுகளின் பாதுகாவல் புனிதர்களையும் தொம்மை சேர்த்திருக்கிறாராம், ஒரு வீட்டுப் புனிதர் விட்டுப்போனாலும் பிரியாணி தொண்டைக்குள் இறங்காதாம். ஆயருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குச் சர்க்கரை, அவருக்கு முழங்கால், அவருக்கு மாலையில் இன்னோர் ஊரில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு. தலையை லேசாகத் திருப்பி முன்வரிசையைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தும் பார்த்தார். தெக்லம்மாள் முழங்காலில் நின்றாள். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் மூடவில்லை. கம்பளத்தையும் பார்க்கவில்லை. ஆயரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கைகளை அங்கி மடிப்புக்குள் இழுத்துக்கொண்டார், களவு செய்தவன் மாதிரி. உடனே தன்மேலேயே எரிச்சல் வந்தது. நான் ஏன் ஒளிக்க வேண்டும்? நானா அவள் மகனைப் பிடித்து இழுத்து வந்தேன்?

‘புனித கஸ்பாரே’ என்று தொம்மை பாடியபோது ஆயர் சட்டென்று தலையை நிமிர்த்தினார். எந்த வீட்டுக்காரன் கொடுத்த பேரோ, நடுவிலேயே செருகியிருந்தார். கஸ்பார் என்று ஒரு பையன் இருந்தான். இவர் ஆயரான புதிது. பட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம், பந்தல் போட்டாயிற்று, ஆடு வாங்கிக் கட்டியாயிற்று, அப்போது ஒரு பெரிய மனிதர் வந்து, கண் கலங்க, அந்தப் பையனைப் பற்றி ஒரு விஷயம் சொன்னார். ஒரு பெண் விஷயம். ஆயர் அன்றைக்கு ரொம்ப நேர்மையானவர். சபையின் பரிசுத்தம் என்று ஒரு பேச்சு அவர் வாயில் எப்போதும் இருக்கும். பட்டத்தை நிறுத்தினார். ஊர்க்காரர்கள் காரின் கண்ணாடியை உடைத்தார்கள், அதையும் சிலுவை என்று எடுத்துக்கொண்டார். பிறகு மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது, அந்தப் பெரிய மனிதர் பையனுக்குப் பெரியப்பா முறை, வாய்க்கால் வரப்பில் தகராறு, சொன்னது அத்தனையும் பொய். பட்டம் தருகிறேன் வா என்று ஆளை அனுப்பிக் கூப்பிட்டார். பையன் வரவில்லை. இப்போது டவுனில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறான். கல்யாண வீடுகளில் எதிர்ப்பட்டால் எழுந்து நின்று, நல்லாயிருக்கீங்களா ஆண்டவரே என்று சிரிக்கிறான். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அந்தச் சிரிப்பை என்ன செய்வது? அன்றைக்கு ஆயர் ஒரு முடிவு எடுத்தார், கடைசி நேரத்தில் எவர் வந்து எது சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை. நல்ல முடிவு. இத்தனை வருஷம் காப்பாற்றியிருக்கிறது. எவர் வந்தாலும் என்பதில் பெற்ற தாயும் சேர்த்தியா என்று அன்றைக்கு யோசிக்கத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் மட்டும் என்ன, தாய்க்கென்று தனிச் சட்டமா போட முடியும்? இன்றைக்கு இவளைக் கேட்டு நிறுத்தினால் நாளைக்கு ஒவ்வொரு அம்மாவும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வருவாள்.

கேட்கத்தான் கேட்டேனே, அவனிடமே கேட்டேனே. பூசைக்கு உடுத்தும் அறையில் வைத்துக் கேட்டார். சுற்றிலும் சாமியார்கள் அங்கி மாட்டிக்கொண்டு நின்றார்கள், போட்டோக்காரர் ஸ்டூல்மேல் ஏறி நின்றார், யாரோ ஜவ்வாது மணத்தோடு உள்ளே வந்து போனார்கள். ஆயர் ரெமிஜியுசின் தோளில் தட்டி, என்னப்பா, மனசுக்குச் சந்தோஷம்தானே என்று கேட்டார். ஆமா ஆண்டவரே என்றான். குனிந்தான். இவர் நெற்றியில் சிலுவை போட்டார். போட்டோக்காரர் இன்னொரு தடவை போடச் சொன்னார், போட்டார். அதைக் கேள்வி என்று சொல்ல முடியுமா? கல்யாண வீட்டில் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற மாதிரி. ஆமா என்று சொல்வதற்காகவே கேட்ட கேள்வி. சரி, சற்றுமுன் சபைக்கு முன்னால் முறைப்படி கேட்ட கேள்விகள்? கீழ்ப்படிய விரும்புகிறாயா, மந்தையைக் காக்க விரும்புகிறாயா, ஒவ்வொன்றுக்கும் விரும்புகிறேன் விரும்புகிறேன் என்று தெளிவாகத்தானே சொன்னான், திக்கினானா, தயங்கினானா? இல்லை. ரொம்பத் தெளிவாகச் சொன்னான். ‘புனித ஸ்தேவானே. புனித லவுரேன்சியாரே.’ ரெமிஜியுஸ் எதற்குத்தான் தயங்கியிருக்கிறான்? ஆயர் இல்லத்தில் ஒரு வருஷம் கூடவே இருந்தான். ஜீப் ஓட்டு என்றால் ஓட்டுவான். மைக் செட்டைச் சரி பண்ணு என்றால் பண்ணுவான். காய்ச்சலாக இருந்தபோது மலைப்பக்கத்துக் கிளைக்கோயிலுக்குப் போகச் சொன்னதற்கு, போனான், வந்து படுத்த பிறகுதான் காய்ச்சல் என்றே தெரிந்தது. குருமடத்து அதிபர் அவனைப் பற்றிச் சொன்ன ஒரே வார்த்தை, தங்கமான பிள்ளை, இல்லை என்ற சொல்லே தெரியாது என்பதுதான். ஆயரும் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டார், இந்தக் காலத்தில் இப்படி ஒருவனா என்று. இப்போது முழங்காலில் நிற்கும்போது அந்த வார்த்தை அவருக்கு வேறு மாதிரிக் கேட்டது. இல்லை என்று சொல்லத் தெரியாதவன் ஆமாம் என்று சொன்னால் அதற்கு என்ன விலை? அவனுக்குச் சொல்ல வராது என்றுதானே அவளும் சொன்னாள். பன்னிரண்டு வயதில் அவனைக் குருமடத்தில் விட்டோம், எழு என்றால் எழுவதற்கும் உட்கார் என்றால் உட்கார்வதற்கும் பழக்கினோம், இப்போது அவன் வாயால் கேட்டேனே என்று பெருமை வேறு. சீ என்று வந்தது அவருக்கு.

ஆனால் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் ஒருவனுக்கும் பட்டம் கொடுக்க முடியாது. தான் மட்டும் என்ன யோக்கியம்? கதீட்ரல் தரையில் தானும் இப்படித்தான் ஒரு நாள் கிடந்தார். புனிதர்கள் பேரெல்லாம் தலைக்குமேல் போய்க்கொண்டிருந்தன. கடவுளுடைய நினைப்பில் உருகிப்போய்க் கிடந்தேன் என்று பிற்பாடு எத்தனையோ தியானங்களில் சொல்லியிருக்கிறார். உண்மையில் மூக்கு அரித்தது. கையை எடுத்துச் சொறிந்தால் பின்வரிசையில் இருக்கும் அப்பா பார்த்துவிடுவாரோ என்ற ஒரு நினைப்புத்தான் ஓடியது. அப்படித் தொடங்கியவர்தானே ஆயர்வரை வந்தார். பயமில்லாமல் எவன் கிடந்தான், பயமில்லை என்று சொல்கிறவனை முதலில் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பையனும் எழுவான், பட்டம் வாங்குவான், முதல் பூசையில் தடுமாறுவான், ஒரு வருஷத்தில் பழகிவிடும். பழகிவிடும் என்று நினைத்ததும் வடக்குத் தேரிப் பங்கு நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு சாமியார் தங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. செத்தவர்களைப் புதைக்கச் சாமியார் வருகிறவரை ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். போன மாதம் போனபோது அந்தச் சனங்களின் முன்னால், இந்தப் பட்டம் முடிந்ததும் ரெமிஜியுஸ் சாமியை உங்களுக்குத் தருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். கைதட்டினார்கள். ஒரு பெரியவர் அப்போதே அறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்வி. இப்போது போய் என்ன சொல்வது? அவன் உறங்கவில்லையாம், அவன் அம்மா வந்து சொன்னாள் என்றா? இதோ, இதுதான் விஷயம் என்று மனம் அவரைப் பிடித்து நிறுத்தியது. உனக்கு ஆள் வேண்டும். இவன் மனசு எப்படி இருக்கிறது என்பதைவிட உனக்கு அங்கே ஓர் ஆள் வேண்டும். அதனால்தான் காலையில் அவள் பேசப் பேச நீ பயற்றைப் புட்டில் பிசைந்துகொண்டிருந்தாய்.

‘புனித அகுஸ்தினாரே.’ ஆயர் கண்களை இறுக மூடிக்கொண்டார். இந்த மனிதரையும் அவர் தாயையும் வைத்துத்தான் இன்றைய பிரசங்கமே. மகனுக்காக அழுதே அவனைக் கடவுளுக்குக் கொடுத்த தாய் மோனிக்கம்மாள் என்று எடுத்து, அப்படியே முன்வரிசைக்கு இறக்கி, சம்மனசுவிளையிலும் ஒரு மோனிக்கம்மாள் இருக்கிறாள் என்று தெக்லம்மாளைக் கைகாட்டினார். பந்தலே கைதட்டியது. எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு வந்து சொன்னவளை, மத்தியானத்துக்குள் மைக்கில் வாயடைத்தாயிற்று. தெரிந்து செய்தாரா? இல்லை, பிரசங்கம் முந்தின நாளே எழுதியது. ஆனால் அந்த இடம் வந்தபோது விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கொஞ்சம் குரலை உயர்த்திக்கூடச் சொன்னார். அவள் தலையைக் குனியவில்லை, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கவில்லை. ஒரு கடைக்காரன் தப்பாக எடை போடுவதைப் பார்க்கிறவள் மாதிரி இவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘புனித சவேரியாரே. புனித வியான்னியாரே. புனித அவிலா தெரசாளே.’ இனி வந்ததெல்லாம் வீட்டுப் புனிதர்கள்தான். ஆயரின் முழங்கால் எரிந்தது. ஹெர்மஸ் சாமி பின்னாலிருந்து, குழுவுக்கு முடிக்கச் சொல்லிக் கை காட்டட்டுமா என்று காதோரம் கேட்டார். வழக்கமாக ஆயர்தான் அப்படிக் கை காட்டச் சொல்வார். இப்போது, “சும்மா இருங்க சாமி, பாடட்டும்” என்றார். தன் குரலில் இருந்த அவசரம் அவருக்கே வினோதமாக இருந்தது. பாடட்டும். புனித ரோக்கே, சரி. புனித இராயப்பர் என்று பழைய பேரில் பேதுருவை இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை, அதுவும் நல்லதுதான். இன்னும் ஒரு புனிதர். இன்னும் ஒருவர். பந்தலுக்குக் கொடுக்காத வீட்டுப் புனிதராக இருந்தாலும் பரவாயில்லை. ஏனென்றால் அவருக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. நிறுத்தினால் இன்னொரு கஸ்பார். நிறுத்தாவிட்டால் என்ன? நிறுத்தாவிட்டால் ஒன்றும் ஆகாது. எவரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். பிரியாணி சாப்பிடுவார்கள், ரெமிஜியுஸ் சாமி வடக்குத் தேரிக்குப் போவான், இல்லை என்று சொல்லாமல் ஒவ்வொரு நாளும் எழுந்து பூசை வைப்பான், பின்வாசலில் ஏதாவது ஒரு கல்லில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆயருக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்தும், கையை வைத்துவிடுவார் என்பதும் தெரிந்தது. அதுதான் சுலபம். அவருடைய கைக்கு வைத்துத்தான் பழக்கம். ‘எல்லாப் புனிதர்களே, புனிதைகளே’ என்று தொம்மை மொத்தமாகக் கூப்பிட்டபோது, கடையில் சரக்குத் தீர்ந்துபோனது மாதிரி ஆயர் திகைத்தார்.

பாட்டு நின்றது. அவர் எழுந்தார், ஹெர்மஸ் சாமி முழங்கையைப் பிடித்து எழுப்பினார். கைகளை விரித்துப் புத்தகத்தில் இருந்ததைப் படித்தார், என்ன படித்தோம் என்று தெரியாமல். ‘ஆமென்’ என்றார்கள். எல்லாரும் எழுந்து நிற்போம் என்று ஹெர்மஸ் சாமி மைக்கில் சொன்னார். நாற்காலிகள் கிரீச்சிட்டன, சேலைகள் சரசரத்தன, பந்தல் முழுக்க எழுந்து நின்றது. ரெமிஜியுஸ் எழவில்லை. செபத்தில் ஆழ்ந்துவிட்டான் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி உச்சுக்கொட்டினாள். திருத்தொண்டர் எழுந்து ஆயர் முன்பாக வருவார் என்று ஹெர்மஸ் சாமி அடுத்து அறிவித்தார். வரவில்லை. மயக்கமோ என்று ஒரு சாமியார் தண்ணீர் தேடினார். தொம்மைக்கு என்ன செய்வதென்று தெரியாமல், மறுபடியும் ‘ஆண்டவரே, இரக்கமாயிரும்’ என்று முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டார், குழுவும் பின்னாலேயே போனது. ஆயர் பார்த்தார். மயக்கம் இல்லை. நெற்றிக்குக் கீழே இருந்த கைகள் இரண்டும் இப்போது தலைக்குமேல் நீண்டு கம்பளத்தின் விளிம்பைப் பிடித்திருந்தன. விரல்முட்டிகள் வெளுத்திருந்தன. கால்விரல்கள் தரையில் அழுந்த ஊன்றியிருந்தன.

யாரோ நீட்டிய தொப்பியையும் செங்கோலையும் ஆயர் வாங்கவில்லை. படி இறங்கினார். கழுத்தில் மாட்டியிருந்த சின்ன மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, கம்பளத்தில் முழங்காலைப் போட்டுக் குனிந்து, பிறகு இன்னும் குனிந்து, தன் முகமும் கம்பளத்தில் படுகிற அளவுக்குத் தாழ்ந்தார். புதுக் கம்பளத்தின் பசை நாற்றம் அடித்தது.

“ரெமி. எந்திரிக்க முடியலயா?”

“முடியும் ஆண்டவரே.”

“பெறவு?”

அவன் கம்பளத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான். “எந்திரிச்சா கைய வச்சிருவியளே.”

ஆயரிடம் இதற்கு நூறு பதில்கள் இருந்தன. பயப்படாதே என்று கடவுளே சொன்னார் என்பது ஒன்று. தகுதியில்லை என்று நினைக்கிறவனுக்குத்தான் தகுதி என்பது இன்னொன்று. எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றின்மேலும் அவருக்கு ஆசை வரவில்லை.

“வைக்க மாட்டேன்” என்றார். “எந்திரி.”

ரெமிஜியுஸ் நம்பவில்லை. தலையை மட்டும் திருப்பிப் பார்த்தான். கன்னத்தில் கம்பளத்தின் நெசவு அச்சாகப் பதிந்திருந்தது. “அம்மாக்கு நான் என்ன சொல்லுவேன் ஆண்டவரே?” என்றான்.

“உங்கம்மாதான் காலைலயே வந்து சொன்னாங்க. நான்தான் கேக்கல.”

அவன் விரல்கள் கம்பளத்தை விட்டன. ஆயர் எழுந்து நின்று மைக்கிலிருந்து கையை எடுத்தார். தொம்மை பாட்டை நிறுத்தினார். இன்றைக்குப் பட்டம் இல்லை என்று சொன்னார். பந்தலின் கடைசிவரை ஓர் இரைச்சல் எழுந்து, பெருகி, முன்னால் வந்தது. எப்போதும் இந்த இடத்தில் அவர் சமாதானமாக ஏதாவது சேர்ப்பார். இன்று, “ஏன்னு அவன்கிட்டயும் கேக்காதீங்க, அவங்க அம்மாகிட்டயும் கேக்காதீங்க. கேக்கணும்னா என்கிட்ட கேளுங்க, நான் இங்கேதான் நிக்கேன்” என்றார்.  தெக்லம்மாள் முன்வரிசையிலிருந்து விலகிக் கம்பளத்தின் ஓரம்வரை வந்து, பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தவள் போலத் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றாள்.